அழித்தும் நிரம்பும் வட்டு

வட்டு நிரம்பிவிட்ட சர்வர் தன் நோய் இன்னதென்று நேரடியாகச் சொல்வது அரிது. பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் சிறு நிறுவனங்களில் பில் போடும் மென்பொருள், மின்னஞ்சல், இணையதளம், எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் கோப்புகள் ஆகிய அனைத்தும் ஒரே இயந்திரத்தில் இயங்குவது வழக்கம் என்பதால், கோளாறு அவற்றில் ஏதாவது ஒன்றின் வழியாகத்தான் முதலில் தலைகாட்டுகிறது. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் இணையதளம் மறுபடி நுழைவுப் பக்கத்தையே காட்டும். பயனர் உள்ளே வந்துவிட்டார் என்பதைக் குறித்துவைக்கும் சிறு கோப்பை எழுத அதற்கு இடம் கிடைத்திருக்காது. வெளியிலிருந்து வரும் மின்னஞ்சலை, இப்போதைக்கு ஏற்க இயலாது என்று பொருள்படும் 452 என்ற எண்ணைச் சொல்லி மின்னஞ்சல் சர்வர் வாசலிலேயே நிறுத்திவிடும். அமைப்புக் கோப்பு ஒன்றைத் திருத்திச் சேமித்தவர் சற்று நேரம் கழித்து அதைத் திறந்தால் உள்ளே ஓர் எழுத்துகூட இருக்காது. பல நிரல்கள் பழைய உள்ளடக்கத்தை முதலில் வெட்டி எறிந்துவிட்டுப் பிறகே புதியதை எழுதத் தொடங்குகின்றன, வெட்டுவதற்கு இடம் வேண்டியதில்லை, எழுதுவதற்கு வேண்டும். இத்தனை வகைக் கோளாறுகளுக்கும் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கர்னல் நிரல்களுக்குத் திருப்பித் தரும் விடை ஒன்றே: பிழை எண் 28, அதாவது ‘சாதனத்தில் இடமில்லை’. அந்த விடையைப் பெற்ற நிரல் நடந்ததைத் தன் பதிவுக் கோப்பில் எழுதிவைக்க முயலும். பதிவுக் கோப்பும் அதே வட்டில் இருப்பதால் அந்த வரியும் எழுதப்படாமல் போகும்.

இந்த நிலைக்கு வழக்கமாகச் செய்யப்படும் முதலுதவி, தேவையற்றவையாகத் தோன்றும் சில கோப்புகளை அழிப்பது. சர்வர் மீண்டும் ஓடும். ஒரு வாரமோ ஒரு மாதமோ கழித்து மீண்டும் நிற்கும். இரண்டு மூன்று முறை இப்படி நடந்த பிறகு பெரிய வட்டு ஒன்று வாங்கி மாட்டப்படும். சற்றுத் தாமதமாக அதுவும் நிரம்பும். கோப்பை அழிப்பதும் இடத்தைத் திரும்பப் பெறுவதும் ஒன்றே என்ற அனுமானம் இந்தச் சுழற்சிக்கு அடியில் கிடக்கிறது. கணினியைப் பொறுத்தவரை அவை இரண்டு தனித்தனிச் செயல்கள். முதலாவது நடந்து இரண்டாவது நடக்காமல் போகலாம், சில வேளைகளில் அழிக்கும் வேலையே கூடுதல் இடம் கேட்கலாம்.

பின்னதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு ஜப்பானில் கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 29 அன்று டொயோட்டா நிறுவனத்தின் 14 வாகனத் தொழிற்சாலைகளில் 28 உற்பத்தி வரிசைகள் நின்றுபோயின. யாரோ வலைவழி ஊடுருவியிருக்கக்கூடும் என்ற ஐயம் உடனே எழுந்தது; செப்டம்பர் 6 அன்று நிறுவனம் வெளியிட்ட விளக்கமோ வேறாக இருந்தது. உதிரிப் பாகங்களுக்கான ஆணைகளைக் கையாளும் சர்வர்களில் ஆகஸ்ட் 27 அன்று வழக்கமான பராமரிப்பு நடந்தது. தரவுத்தளத்தில் சேர்ந்திருந்த தரவை நீக்கி ஒழுங்குபடுத்தும் அந்தப் பணியின் நடுவே வட்டில் இடம் போதாமல் பிழை ஏற்பட்டு அமைப்பு நின்றுவிட்டது. மாற்று ஏற்பாடாக வைக்கப்பட்டிருந்த சர்வர்களும் அதே அமைப்பில் இயங்கியதால் அவையும் அதே கோளாறுக்கு உள்ளாயின. பொறுப்பை அவற்றிடம் ஒப்படைக்க வழியில்லை. அதிகக் கொள்ளளவுள்ள சர்வர் ஒன்றுக்குத் தரவு மாற்றப்பட்ட பிறகே தொழிற்சாலைகள் மறுநாள் இயங்கின. உலகின் மிகப் பெரிய வாகன நிறுவனங்களுள் ஒன்றுக்கே இப்படி நேர்ந்தது என்று வியப்பதைவிட, இடத்தை விடுவிக்கும் முயற்சியே இடமின்றித் தோற்றது என்பதைக் கவனிப்பது பயன் தரும்.

இரண்டு கணக்குகள்

வட்டில் உள்ள வெற்றிடத்தைக் கோப்புகளாகப் பகுத்துக் கணக்கு வைக்கும் மென்பொருள் அடுக்குக்குக் கோப்பு முறைமை என்று பெயர். சிறு நிறுவனங்களின் லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலும் காணப்படும் இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை வட்டைப் பொதுவாக 4096 பைட் அளவுள்ள கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு கோப்பின் உள்ளடக்கம் இந்தக் கட்டங்களில் அமர்கிறது. எந்தெந்தக் கட்டங்கள், மொத்த அளவு எவ்வளவு, உரிமையாளர் யார், கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்ற விவரங்கள் ஐநோட் எனப்படும் சிறு குறிப்பேட்டில் எழுதப்படுகின்றன. கோப்பின் பெயர் இந்த இரண்டிலுமே இல்லை. பெயர் இருப்பது அடைவில். அடைவு என்பது இந்தப் பெயருக்கு இந்த எண்ணுள்ள ஐநோட் என்று சொல்லும் அட்டவணை மட்டுமே. ஒரே ஐநோட்டுக்கு இரண்டு பெயர்கள் இருக்கலாம். பெயரே இல்லாமலும் சில நேரம் ஓர் ஐநோட் உயிரோடு இருக்கலாம். கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியபோது வகுத்த இந்தப் பிரிவினைதான், அரை நூற்றாண்டுக்குப் பிறகும் வட்டு நிரம்பும் சிக்கல்களில் பாதிக்கு விளக்கமாக நிற்கிறது.

1971 நவம்பர் 3 என்று தேதியிடப்பட்ட யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இடத்தைக் கணக்கிடும் கட்டளைகள் இரண்டு இடம்பெற்றிருந்தன. அதே பெயர்களோடு அவை இன்றும் புழங்குகின்றன. டிஎஃப் என்ற கட்டளை கோப்பு முறைமையிடமே நேரடியாகக் கேட்கிறது: மொத்தக் கட்டங்கள் எத்தனை, காலியாக உள்ளவை எத்தனை. இந்த எண்ணிக்கையை முறைமை எப்போதும் தயாராக வைத்திருப்பதால் விடை கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடுகிறது. டியூ என்ற கட்டளை கேட்பதில்லை, நடந்து பார்க்கிறது. ஓர் அடைவில் தொடங்கி அதற்குள் உள்ள ஒவ்வொரு பெயரையும் பின்பற்றிச் சென்று, கண்ணில் பட்ட கோப்புகள் பிடித்திருக்கும் கட்டங்களைக் கூட்டுகிறது. லட்சக்கணக்கான கோப்புகள் இருந்தால் இதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். கடையின் பேரேட்டில் எழுதியுள்ள இருப்பும் சரக்கறையில் இறங்கி எண்ணிய இருப்பும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அந்த வித்தியாசமே எங்கே தேட வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். டிஎஃப் காட்டுவது பேரேட்டு இருப்பு, டியூ காட்டுவது எண்ணிய இருப்பு. வட்டுப் பிரச்சினையைக் கையாளும் அனுபவசாலிகள் எந்தக் கோப்பையும் அழிப்பதற்கு முன்பு இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் கோப்புகள் உண்மையிலேயே பெருகியிருக்கின்றன. டிஎஃப் பெரிதாகவும் டியூ சிறிதாகவும் இருந்தால், பெயர் வழியே எட்ட முடியாத ஏதோ ஒன்று இடத்தைப் பிடித்திருக்கிறது. இரண்டுமே காலி இடம் இருப்பதாகச் சொல்லியும் பிழை எண் 28 வந்தால், தீர்ந்துபோனது கட்டம் அல்ல, வேறொன்று.

எட்ட முடியாத இடத்துக்கு மிகப் பொதுவான காரணம், அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் கோப்பு. யூனிக்ஸ் மரபில் கோப்பை அழிப்பது என்றால் அடைவு அட்டவணையிலிருந்து ஒரு பெயரை அடிப்பது மட்டுமே. ஐநோட் தனக்கு எத்தனை பெயர்கள் உள்ளன என்று எண்ணி வைத்திருக்கிறது. அதை எத்தனை நிரல்கள் திறந்து வைத்திருக்கின்றன என்பதைக் கர்னல் தனியே எண்ணி வருகிறது. இரண்டு எண்ணிக்கைகளும் சுழியைத் தொட்ட பின்புதான் கட்டங்கள் விடுதலை பெறுகின்றன. இணைய சர்வர் பல மாதங்களாக எழுதிவந்த 40 கிகாபைட் பதிவுக் கோப்பை நிர்வாகி அழித்தால், கோப்பின் பெயர் மறைந்துவிடும், டியூ அதைக் காணாது. ஆனால் இணைய சர்வர் அதைத் திறந்தபடியே இருப்பதால் 40 கிகாபைட்டும் அப்படியே இருக்கும். இன்னும் சங்கடமான செய்தி, பெயரற்றுப்போன அந்தக் கோப்பில் சர்வர் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருக்கும் என்பது. திறந்த கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் என்ற கருவிக்கு, பெயர்க் கணக்கு சுழியாக உள்ளவற்றை மட்டும் காட்டச் சொன்னால் குற்றவாளி வெளிப்படும். அந்தச் சேவையை நிறுத்தித் தொடங்கினால் இடம் அந்தக் கணமே திரும்பும். இயந்திரத்தையே நிறுத்தித் தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடுகிறது என்று பல அலுவலகங்களில் கண்டறிந்து வைத்திருப்பது இதன் விளைவுதான். அந்த வைத்தியம் பலிப்பதே நோயைக் கண்டறியவிடாமல் தடுத்தும் விடுகிறது. பதிவுக் கோப்பை அழிப்பதற்குப் பதிலாக, அதன் நீளத்தைச் சுழியாக வெட்டிவிடுவதே இத்தகைய நேரங்களில் முறையான வழி. பெயரும் ஐநோட்டும் நிலைத்திருக்க, கட்டங்கள் மட்டும் விடுபடும்.

இந்த அமைப்பை ஒரு குறைபாடாகக் கருதுவோர் உண்டு. அது நியாயமான கணிப்பு அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பைப் புதிய பதிப்பால் மாற்றினாலும் பழைய நிரல் இடையில் முறியாமல் தொடர்வதற்கும், பாதுகாப்புத் திருத்தங்களைச் சர்வரை நிறுத்தாமலேயே ஏற்றுவதற்கும் இதே விதிதான் துணைநிற்கிறது.

எட்ட முடியாமைக்கு இரண்டாவது காரணம் சற்று விநோதமானது. லினக்ஸில் கூடுதல் வட்டு ஒன்றை இணைக்கும்போது அது ஏற்கெனவே உள்ள ஓர் அடைவின் மேல் பொருத்தப்படுகிறது. இதற்கு மவுண்ட் செய்தல் என்று பெயர். பொருத்திய பின் அந்த அடைவைத் திறப்பவர் காண்பது புதிய வட்டின் உள்ளடக்கத்தை. அடைவுக்குள் முன்பே இருந்தவை அழிவதில்லை, மறைகின்றன. காப்புப் பிரதிக்கென்று யூஎஸ்பி வட்டு ஒன்றைப் பயன்படுத்தும் அலுவலகத்தில், கம்பி சற்றே கழன்றிருந்த ஓர் இரவில், காப்பு நிரல் தன் வேலையைத் தவறாமல் செய்யும்; வட்டு இல்லாத அந்த வெற்று அடைவுக்குள், அதாவது சர்வரின் முதன்மை வட்டிலேயே, மொத்தப் பிரதியையும் எழுதிவிடும். காலையில் கம்பியைச் சரிசெய்து வட்டை மறுபடி பொருத்தியவுடன் அந்தப் பிரதி கண்ணிலிருந்து மறைந்துவிடும். இடம் மட்டும் போனது போனதுதான். டியூ எத்தனை முறை நடந்து பார்த்தாலும் இதைக் காணாது. முதன்மை வட்டின் வேரை வேறோர் அடைவில் இன்னொரு முறை பொருத்தி, அந்தப் பக்கவாசல் வழியாக நுழைந்து பார்த்தால் மறைந்த கோப்புகள் தென்படும். காப்பு நிரல் எழுதத் தொடங்குமுன் வட்டு உண்மையிலேயே பொருத்தப்பட்டிருக்கிறதா என்று ஒரு வரியில் சோதிக்க வைத்தால் இது மீண்டும் நிகழாது.

மூன்றாவது வித்தியாசத்தை டிஎஃப் தன் விடைக்குள்ளேயே வெளிப்படையாக வைத்திருக்கிறது. ஆனால் கூட்டிப் பார்ப்பவர் குறைவு. பயன்பட்ட இடத்தையும் கிடைக்கும் இடத்தையும் கூட்டினால் மொத்தம் வராது. இஎக்ஸ்டி வகை முறைமைகள் உருவாக்கப்படும்போதே 5 சதவீத இடத்தை ரூட் என்ற தலைமைப் பயனருக்கென்று ஒதுக்கி வைத்துவிடுகின்றன. மற்ற நிரல்கள் இடமின்றித் தவிக்கும்போதும் நிர்வாகி உள்ளே வந்து வேலை செய்ய இது உதவும். இந்த வழக்கத்தின் வேர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருக்கிறது. மார்ஷல் மெக்குசிக், பில் ஜாய் முதலியோர் 1984-இல் வெளியிட்ட வேகக் கோப்பு முறைமையில் 10 சதவீதம் ஒதுக்கப்பட்டது. அவர்களுடைய முதல் கவலை நிர்வாகி அல்ல, வேகம். வட்டு முழுக்க நிரம்பினால் ஒரு கோப்பின் கட்டங்களை அடுத்தடுத்து வைக்க இடம் கிடைக்காமல் அவை சிதறி, வாசிப்பு மந்தமாகிவிடும். வட்டுகள் மெகாபைட்டில் அளக்கப்பட்ட காலத்துச் சதவீதம் டெராபைட் காலத்திலும் தொடர்வதால், 4 டெராபைட் வட்டில் 200 கிகாபைட் யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. காப்புப் பிரதிகளும் ஆவணங்களும் மட்டுமே உள்ள வட்டில் இதை 1 சதவீதமாகக் குறைப்பதில் கேடில்லை. டியூன்2எஃப்எஸ் என்ற கட்டளை வட்டைக் கழற்றாமலேயே அதைச் செய்யும். இயங்குதளம் அமர்ந்திருக்கும் பிரிவில் கைவைக்காமல் இருப்பதே நல்லது.

கட்டங்கள் இருந்தும் இடமில்லை

பேரேடும் எண்ணிக்கையும் ஒத்துப்போய், பாதி வட்டு காலியாக இருந்தும் புதிய கோப்பை உருவாக்க முடியாத நிலையும் உண்டு. இஎக்ஸ்டி4 முறைமையில் ஐநோட்களின் எண்ணிக்கை வட்டை முதன்முதலில் வடிவமைக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. தனியாக எதுவும் குறிப்பிடாவிட்டால் 16 கிலோபைட்டுக்கு ஒன்று என்ற விகிதம் பின்பற்றப்படும். 100 கிகாபைட் பிரிவுக்கு இது சுமார் 65 லட்சம். சராசரிக் கோப்பு 16 கிலோபைட்டுக்கு மேல் இருக்கும் என்பது இதில் அடங்கிய ஊகம். சாதாரண அலுவலகப் பயன்பாட்டில் இந்த ஊகம் பொய்ப்பதில்லை. சில நூறு பைட் மட்டுமே உள்ள கோப்புகள் கொட்டிக் குவியும்போது பொய்க்கும். ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தை, அதாவது 4 கிலோபைட்டை, பிடித்துக்கொள்வதால் ஐநோட்கள் முழுவதும் தீரும் நேரத்தில் வட்டின் கால் பங்குதான் நிறைந்திருக்கும். டிஎஃப் கட்டளையிடம் கட்டங்களுக்குப் பதிலாக ஐநோட்களைக் கணக்கிடச் சொன்னால் ஒரே வரியில் 100 சதவீதம் என்று தெரிந்துவிடும். அப்படிக் கேட்கலாம் என்று தெரியாதவர்கள் நாள்முழுக்கத் தேடுவார்கள்.

இத்தகைய குவியலுக்கு அடிக்கடி காரணமாவது பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட இணையதளங்களின் அமர்வுக் கோப்புகள். வருகையாளர் ஒவ்வொருவருக்கும் ஒன்று, தேடுபொறிகளின் தானியங்கி நிரல்களுக்கும் ஒன்று என்று அவை பிறந்துகொண்டே இருக்கும். டெபியன் வகை லினக்ஸில் இவற்றைத் துடைக்கும் பொறுப்பு பிஎச்பியிடமிருந்து எடுக்கப்பட்டு, குறித்த நேரத்தில் ஓடும் தனிச் சிறுநிரல் ஒன்றிடம் தரப்பட்டிருக்கிறது. அமைப்புக் கோப்பில் குறிக்கப்பட்ட அடைவை அது ஒழுங்காகப் பெருக்கும். இணையதளத்தை எழுதியவர் தன் நிரலுக்குள்ளேயே வேறோர் அடைவைக் குறித்துவிட்டிருந்தால் அந்த அடைவைப் பற்றி அதற்குத் தெரியாது; பிஎச்பியோ தன் வேலை அல்ல என்று இருந்துவிடும். பல லட்சம் கோப்புகள் சேர்ந்த பின் அவற்றை நட்சத்திரக் குறியிட்டு ஒட்டுமொத்தமாக அழிக்க முயன்றால், கட்டளை வரி மிக நீளம் என்று இயங்குதளம் மறுக்கும். கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி அழிக்கும் ஃபைண்ட் கட்டளைதான் கைகொடுக்கும்.

கோப்புகளின் கொள்ளளவைவிட எண்ணிக்கையே ஆபத்தாகலாம் என்பதைப் பூமிக்கு வெளியேயும் ஓர் இயந்திரம் காட்டியிருக்கிறது. 2004 ஜனவரி 4 அன்று செவ்வாயின் குசேவ் பள்ளத்தில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி, ஜனவரி 21 அன்று பேச்சை நிறுத்தியது. 256 மெகாபைட் கொண்ட அதன் ஃபிளாஷ் நினைவகம் நிரம்பியிருக்கவில்லை. ஏழு மாதப் பயணத்திலும் தரையிறங்கிய பின்னும் சேர்ந்த கோப்புகளின் எண்ணிக்கைதான் அதிகமாகியிருந்தது. அந்த ஊர்தியின் கோப்பு முறைமை அடைவு அட்டவணை முழுவதையும் தற்காலிக நினைவகத்தில் ஏற்றி வைத்துக்கொள்வது. கோப்புகளை அழித்தாலும் அட்டவணை சுருங்காது. நினைவகம் போதாமல் கணினி தன்னைத்தானே மறுதொடக்கம் செய்தது, தொடங்கியவுடன் அதே அட்டவணையை ஏற்ற முயன்றது, மறுபடி தோற்றது. அறுபது முறைக்கும் மேல் இது நடந்தது. இரவில் உறங்கி மின்கலத்தைச் சேமிக்க வேண்டிய ஊர்தி உறங்காமல் அதைத் தீர்த்துக்கொண்டிருந்தது. ஃபிளாஷ் நினைவகத்தைத் தொடாமலே தொடங்கும்படி கட்டளை அனுப்பிய பிறகுதான் கலிஃபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகப் பொறியாளர்களால் அதைக் கட்டுக்குள் கொண்டுவர முடிந்தது. பிப்ரவரியில் நினைவகத்தை முழுவதுமாகத் துடைத்து வடிவமைத்தார்கள். வட்டைச் சார்ந்திராத தொடக்க வழி ஒன்று இருந்ததால்தான் ஊர்தி பிழைத்தது. பூமியில் உள்ள சர்வருக்கு அந்த வழியாக அமைவது, பத்திரமாக எடுத்து வைத்திருக்க வேண்டிய ஒரு யூஎஸ்பி தொடக்கக் குச்சி.

உண்மையான வளர்ச்சி

இரண்டு கணக்குகளும் ஒத்துப்போகும்போது கேள்வி எளிமையாகிறது: எது வளர்கிறது? பெரும்பாலும் விடை வார் என்ற அடைவுக்குள் இருக்கும். மாறிக்கொண்டே இருப்பவற்றுக்கென்று யூனிக்ஸ் மரபு ஒதுக்கிய இடம் அது. அங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியவை லாக் எனப்படும் பதிவுக் கோப்புகள். ஒரு வரி 500 பைட் என்றும் நொடிக்கு 20 வரிகள் என்றும் கொண்டால் ஒரு நாளில் 864 மெகாபைட் சேரும். கோளாறு தேடுவதற்காக விரிவான பதிவைத் திறந்துவிட்டு, கோளாறு தீர்ந்த மகிழ்ச்சியில் அதை மூட மறந்துவிடும் வழக்கம் எங்கும் உள்ளதால் இந்த வேகம் அரியதொன்றல்ல. லாக்ரொட்டேட் என்ற சிறுநிரல் பழைய பதிவுகளைப் பெயர்மாற்றிச் சுருக்கி, குறித்த எண்ணிக்கைக்கு மேற்பட்டவற்றை அழிக்கிறது. ஆனால் தன் அமைப்பில் பெயர் சொல்லப்பட்ட கோப்புகளை மட்டுமே அது தொடும். நிறுவனத்துக்கென்று தனியாக எழுதப்பட்ட பில் மென்பொருளின் பதிவு அந்தப் பட்டியலில் இருப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். நிரல்களைத் தனித்தனியே அடைத்து இயக்கும் டாக்கர் என்ற மென்பொருளின் பெட்டகங்களில் ஓடுபவையும் இப்படித்தான்; அவை திரையில் எழுதுவதையெல்லாம் டாக்கர் ஒரு கோப்பில் சேர்த்து வைக்கிறது, உச்சவரம்பு சொல்லாவிட்டால் சேர்த்துக்கொண்டே போகிறது.

தரவுத்தளங்களின் பெருக்கம் இதைவிட நுட்பமானது. அவை தரவை மட்டுமன்றி, தரவில் செய்யப்பட்ட ஒவ்வொரு மாற்றத்தின் வரலாற்றையும் எழுதுகின்றன. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 8.0 பதிப்பிலிருந்து இந்த வரலாறு இயல்பாகவே எழுதப்படுகிறது, 30 நாள்கள் காக்கப்படுகிறது. சிறிய தரவுத்தளம் ஆனாலும் ஒரே வரிசையை நிமிடத்துக்கு நூறு முறை மாற்றும் நிரல் இருந்தால் வரலாறு தரவைப் பலமடங்கு விஞ்சிவிடும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருள் தன் மாற்றங்களை 16 மெகாபைட் துண்டுகளாக எழுதுகிறது; மின்தடைக்குப் பின் தரவுத்தளம் நலமாக எழுந்திருக்க இந்தத் துண்டுகள் இன்றியமையாதவை. இவை இருந்த அடைவின் பெயரில் லாக் என்ற சொல் இருந்ததால், இடம் தேடிய நிர்வாகிகள் அவற்றைச் சாதாரணப் பதிவுகள் என்று எண்ணி அழித்துத் தரவுத்தளத்தையே இழந்த நிகழ்வுகள் திரும்பத் திரும்ப நடந்தன. 2017-இல் வெளிவந்த பத்தாம் பதிப்பில் அந்த அடைவின் பெயரையே உருவாக்குநர்கள் மாற்றிவிட்டார்கள். உலகெங்கும் இருந்த கருவிகளும் சிறுநிரல்களும் அதனால் திருத்தப்பட வேண்டியிருந்தன என்றாலும் முடிவு சரியானதே. அவசரத்தில் இருக்கும் மனிதர் கையேட்டைப் படிப்பதில்லை, பெயரைத்தான் படிக்கிறார்.

தரவுத்தளத்திலிருந்து வரிசைகளை நீக்கினால் வட்டில் இடம் திரும்புவதில்லை என்பதும் இங்கேயே சொல்லப்பட வேண்டும். நீக்கப்பட்ட வரிசைகளின் இடம் அந்த அட்டவணையின் கோப்புக்குள்ளேயே ஓட்டைகளாக நின்று, பின்னர் வரும் வரிசைகளுக்குப் பயன்படுகிறது. கோப்பின் நீளம் குறைவதில்லை. குறைத்தே தீர வேண்டும் என்றால் அட்டவணையை முழுவதுமாகப் புதிதாக எழுதச் செய்ய வேண்டும். அது முடியும்வரை பழையதும் புதியதும் ஒருசேர வட்டில் இருக்கும். 60 கிகாபைட் அட்டவணையில் 40 கிகாபைட் வெற்றிடம் என்றால், அதை மீட்க முதலில் 20 கிகாபைட் காலியாக இருந்தாக வேண்டும்.

விண்டோஸ் சர்வர்களில் கட்டளைகளும் பெயர்களும் வேறு, இயக்கம் ஏறத்தாழ இதே. அங்கே விசித்திரமான ஒரு சுழல் பலரை அலைக்கழித்திருக்கிறது. புதுப்பிப்புகளை நிறுவும் பகுதி தன் பதிவுக் கோப்பைப் பழையதானவுடன் கேப் வடிவத்தில் சுருக்கி வைக்கும். அந்தப் பதிவு 2 கிகாபைட்டைத் தாண்டிவிட்டால் சுருக்கும் நிரலால் கையாள முடியாது. சுருக்கம் பாதியில் முறிந்து, அதன் தற்காலிகக் கோப்பு டெம்ப் அடைவில் தங்கிவிடும். சற்று நேரம் கழித்து மறுபடி முயற்சி, மறுபடி ஒரு தங்கல். டெம்ப் அடைவை எத்தனை முறை துடைத்தாலும் அது நிரம்பிக்கொண்டே இருப்பதற்குக் காரணம், வேறோர் அடைவில் அசையாமல் கிடக்கும் அந்த ஒற்றைப் பெரிய பதிவு. அதை அகற்றினால் சுழல் அறுபடும். நிரம்பும் இடமும் நிரப்பும் காரணமும் ஒரே அடைவில் இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

ஆகவே அளக்கப்பட வேண்டியது நிரம்பிய அளவைவிட நிரம்பும் வேகம். மணிக்கு ஒருமுறை டிஎஃப் விடையை வேறொரு இயந்திரத்தில் குறித்து வைத்தாலே போதும்; ஒரு மாதத்தில் வரைபடம் பேசத் தொடங்கும். சீராக ஏறும் கோடு தரவின் இயல்பான வளர்ச்சியையும், நள்ளிரவில் செங்குத்தாக ஏறி விடியலில் இறங்காத படி காப்புப் பிரதியையும், திங்கள் முதல் வெள்ளிவரை மட்டும் ஏறும் கோடு ஊழியர்கள் தூண்டும் ஏதோ ஒன்றையும் காட்டும். 90 சதவீதம் ஆனவுடன் எச்சரிக்கை மணி அடிக்கும் வழக்கமான ஏற்பாடு, 4 டெராபைட் வட்டில் அவசரமில்லாமல் அடிக்கும், 20 கிகாபைட் வட்டில் காலம் கடந்து அடிக்கும்; இப்போதைய வேகத்தில் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்கிட்டு எச்சரிப்பது அறிவார்ந்த ஏற்பாடு. எதற்கும் உதவாத 2 கிகாபைட் வெற்றுக் கோப்பு ஒன்றை முன்கூட்டியே உருவாக்கி வைத்து, நெருக்கடி நேரத்தில் அதை அழித்து மூச்சுவிடும் நிர்வாகிகளும் உண்டு. அழகற்ற உத்திதான், ஆனால் எந்தக் கோப்பை அழிப்பது என்ற ஆபத்தான முடிவை அவசரத்தில் எடுக்க வேண்டிய கட்டாயத்தை அது நீக்குகிறது.

வேகத்தை அளப்பதும் உதவாத ஒரு வகை எஞ்சுகிறது: ஒரு நிகழ்வு நடக்கும்வரை வளர்ச்சியே இல்லாதது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் முதன்மைச் சர்வர், தன் நகலாக இயங்கும் இரண்டாவது சர்வர் எதுவரை படித்திருக்கிறது என்பதை ஸ்லாட் என்ற அடையாளத்தில் குறித்துக்கொள்கிறது. நகல் படித்து முடிக்காத மாற்றத் துண்டுகளை அழிப்பதில்லை என்பது அதன் வாக்குறுதி. நகல் சர்வரை யாரோ நிரந்தரமாக நிறுத்திவிட்டு, ஸ்லாட்டை நீக்க மறந்துவிட்டால், இனி ஒருபோதும் வராத வாசகருக்காக முதன்மைச் சர்வர் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். இடம் முற்றாகத் தீர்ந்த நொடியில் தானும் நின்றுவிடும். 2020-இல் வந்த பதின்மூன்றாம் பதிப்பு, ஒரு ஸ்லாட்டுக்காக அதிகபட்சம் எவ்வளவு சேர்க்கலாம் என்று வரம்பிட வழி செய்தது. வரம்பைத் தாண்டினால் நகல் கைவிடப்படும், முதன்மைச் சர்வர் பிழைக்கும். நகலா, முதன்மையா என்ற இந்தத் தேர்வை நிறுவனமே செய்ய வேண்டும் என்று கருதியோ என்னவோ, நிறுவும்போது அந்த வரம்பின் மதிப்பு -1, அதாவது வரம்பில்லை, என்றே வைக்கப்பட்டிருக்கிறது.